யார் கையில் எந்தச் சாவி?

வங்கிக் கிளையின் பெட்டக அறையை ஒருவர் மட்டும் திறந்துவிட முடியாது. சாவிகள் இரண்டு, அவற்றை வைத்திருக்கும் அலுவலர்களும் இருவர். இந்த ஏற்பாடு அவர்கள்மீது கொண்ட அவநம்பிக்கையால் உண்டானதன்று. பணம் குறையும் நாளில் குற்றமற்றவர் ஐயத்துக்கு ஆளாகாமல் காப்பதும் அதன் நோக்கமே. நம் வாடிக்கையாளர்கள் பலரின் சிறு அலுவலகங்களிலும் ஒரு பெட்டகம் உண்டு. பத்துப் பதினைந்து கணினிகளை இணைத்துக்கொண்டு மூலையில் ஓடும் சர்வர்தான் அது. கணக்குகள், ஊதியப் பட்டியல், வாடிக்கையாளர் விவரங்கள் யாவும் அதில் இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் அதைத் திறக்க 'அட்மின்' என்ற ஒரே பெயரும், அனைவரும் அறிந்த ஒரே கடவுச்சொல்லுமே போதுமானவையாக உள்ளன.

ஒரு மொத்த விற்பனை அலுவலகத்தில், சரக்கு அனுப்புபவரின் வங்கிக் கணக்கு எண்ணை யாரோ மாற்றிவிட, தொகை வேறெங்கோ சென்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாற்றியவர் யார் எனப் பதிவைத் திறந்து பார்த்தால் 'அட்மின்' என்றிருக்கும். அன்று பணியிலிருந்த ஐவர்மீதும் ஐயம் விழும். இருபது ஆண்டுகள் உழைத்த கணக்கர் தம் நேர்மையை எதைக் கொண்டு நிறுவுவார்? கம்பெனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற நிறுவனங்கள், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியுடன் பதிவுசெய்யும் கணக்கு மென்பொருளையே 2023 ஏப்ரல் 1 முதல் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. ஐவரும் ஒரே பெயரில் நுழையும் அலுவலகத்தில் அந்தப் பதிவில் தேதி இருக்கும். ஆள் இருக்க மாட்டார். ஆகவே, ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் தருவதே முதல் வேலை.

அடுத்த வேலைக்குக் கணினி தேவையில்லை. ஒரு தாள் போதும். ஊழியர்களை ஒரு புறமும் கோப்புறைகளை மறுபுறமும் எழுதி, யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யாருக்கு அனுமதியே இல்லை எனக் கட்டங்களை நிரப்ப வேண்டும். இதைக் கணினி அமைத்துத் தருபவரிடம் விட்டுவிடக் கூடாது. ஊதியப் பட்டியலை யார் பார்க்கலாம் என்பது உரிமையாளர் எடுக்க வேண்டிய முடிவு. பணிக்குத் தேவையான உரிமைக்கு மேல் எவருக்கும் தரலாகாது என்ற விதியை, ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் அறிஞர்கள் 1975-இல் வெளியான தங்கள் கட்டுரையில் வலியுறுத்தினர். அதே கட்டுரையில் இரு சாவி முறைக்கு அவர்கள் காட்டிய உதாரணம் வங்கியின் பாதுகாப்புப் பெட்டகம் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமை உண்டு.

தாள் நிரம்பிய பின் சர்வருக்கு வரலாம். விண்டோஸ் சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி வழியாக உரிமைகளைத் தனி நபர்களுக்கு அளிக்காமல், 'கணக்குப் பிரிவு', 'விற்பனைப் பிரிவு' போன்ற குழுக்களுக்கு அளிப்பது நல்லது. ஆள் மாறினாலும் அமைப்பு மாறாது. குழப்பம் பெரும்பாலும் அனுமதிகளில்தான் நேர்கிறது. கோப்புறையைப் பிணையத்தில் பகிரும்போது இடும் அனுமதி ஒன்று. அந்தக் கோப்புறைக்கே உரிய அனுமதி மற்றொன்று. பிணையம் வழியாக வருபவருக்கு இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். 'தடை' என வெளிப்படையாகக் குறிப்பதையும் இயன்றவரை தவிர்க்கலாம். இரு குழுக்களில் இருப்பவருக்கு ஒரு குழு தந்த அனுமதியை மற்றக் குழுவின் தடை விழுங்கிவிடும்.

பென் டிரைவைத் தடுத்தல், மென்பொருள் நிறுவலைத் தடுத்தல், ஆளில்லாத திரையைத் தானே பூட்டச் செய்தல் போன்றவற்றுக்குக் குரூப் பாலிசி உள்ளது. முன்பே அமைந்திருக்கும் டொமைன் பாலிசியில் கைவைக்காமல் புதிதாக ஒன்றை உருவாக்கி, முதலில் ஒரு சோதனைப் பயனருக்கு மட்டும் பொருத்திப் பார்க்க வேண்டும். கணினிகள் ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒரு முறைதான் மாற்றங்களைத் தாமாகப் பெற்றுக்கொள்ளும். இதை அறியாமல் 'வேலை செய்யவில்லை' என்று மேன்மேலும் விதிகளை அடுக்கி, மாலையில் அவை அனைத்தும் ஒன்றாக வந்து விழும்போது திகைப்பவர்கள் உண்டு. அளவுக்கு மீறிய இறுக்கமும் பயன் தராது. அன்றாட வேலைக்கே வழியடைத்தால் ஊழியர் பக்கத்து மேசைக்காரரின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிவிடுவார். பழைய நிலையே திரும்பும்.

உரிமையாளரும் நிர்வாகிக் கணக்கில் அமர்ந்து மின்னஞ்சல் படிக்கலாகாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல், அதைத் திறந்தவருக்கு எங்கெல்லாம் எழுதும் உரிமை உண்டோ அங்கெல்லாம் பரவிக் கோப்புகளைப் பூட்டக்கூடியது. விற்பனை ஊழியர் தவறான இணைப்பைத் திறந்தால் பெரும்பாலும் அவருடைய கோப்புறைகள் போகும். நிர்வாகி திறந்தால் சர்வரே போகலாம். காப்பு நகல் உள்ள வட்டில் எழுதும் உரிமை அன்றாடப் பயனர் எவருக்கும் இருக்கக் கூடாது. நிறுவனங்களுக்கான இணைய வங்கிச் சேவையில் பணம் அனுப்பப் பதிவிடுபவரும் ஒப்புதல் தருபவரும் வெவ்வேறாக இருக்க வழியுண்டு. அவ்விருவரும் வெவ்வேறு கணினிகளைப் பயன்படுத்தினால் மேலும் நலம்.

ஊழியர் ஒருவர் பணியிலிருந்து விலகும் நாளிலேயே அவரது சர்வர் கணக்கை முடக்கிவிட வேண்டும். உடனே அழித்துவிடக் கூடாது. அழித்த கணக்கை அதே பெயரில் மீண்டும் உருவாக்கினாலும், சர்வர் அதைப் புதிய ஆளாகவே கொள்ளும். பழைய உரிமைகள் திரும்பா. இணைய வங்கியில் அவருக்குப் பயனர் உரிமை இருந்தால், அதை நீக்கக் கோரும் கடிதமும் அன்றே கிளைக்கு வந்து சேரட்டும்.