மலையேறும் கழகமும் நாமும்



ஒரு நாள் காலையில் சபைகூடல் முடிந்து வகுப்பறைக்குச் செல்லும் வழியில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மலைத்தொடரை நோக்கிக் கைநீட்டி, "ஐயா, அந்த மலையுச்சியில் கம்பங்கள் தெரிகின்றனவே, அங்கே மனிதர்கள் நடந்து போக முடியுமா?" என்று வினவினான். "போகலாம், தம்பி" என்றேன். "நீங்கள் போயிருக்கிறீர்களா, ஐயா?" என்று அடுத்த வினாவைத் தொடுத்தான். எனக்கு நாணமாகிவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிளேடாங் மலையைக் கண்ணால் கண்டு வளர்ந்தவன் நான். அதன் முதுகில் மழைமேகம் கவிந்தால், கொடியில் காயும் துணியை எடுக்கவேண்டும் என்பதை என் தாயாரிடம் கற்றவன். ஆயினும் அதன் அடிவாரத்தைக்கூட அன்றுவரை மிதித்தவனல்லன். அச்சிறுவனின் வினாவே என்னை ஈப்போவில் உள்ள ஒரு மலையேறும் கழகத்தில் சேரச் செய்தது. அங்கு நான் கற்றவற்றை இவ்வாண்டு மலரில் எழுத விழைகின்றேன்.

மலையேறும் கழகம் என்பது யாது? மலை ஏறுவதில் விருப்பமுடையோர் ஒன்றுகூடி, நாள் குறித்து, வழியறிந்தவர் தலைமையில் குழுவாகச் சென்று திரும்பும் அமைப்பே அஃதாகும். இத்தகைய கழகங்களுள் உலகில் முதன்முதலாகத் தோன்றியது 1857ஆம் ஆண்டில் இலண்டனில் அமைந்த ஆல்பைன் கழகம் என்பர். நம் நாட்டில் ஏழு பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிச் சங்கம் அமைத்தால், 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்தல் வேண்டும். பதிவு பெற்ற கழகத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் இருப்பர், ஆண்டுக் கூட்டம் நடைபெறும், கணக்குக் காட்டப்படும். நம் கோயில் நிருவாகக் குழுவையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் அறிந்தவர்க்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. விண்ணப்பத் தாளை நிரப்பிச் சந்தா செலுத்தினால் உறுப்பினராகலாம். நண்பர்கள் சிலர் பதிவின்றிச் சேர்ந்து நடக்கும் குழுக்களும் பல உண்டு. அவற்றிலும் நல்லவை உண்டுதான். எனினும் பிள்ளைகளை அனுப்புமுன், பொறுப்பேற்பவர் யார் என்பதைப் பெற்றோர் நேரில் கேட்டறிதல் நன்று.

நான் இதில் சேர்ந்த செய்தி பரவியதும் பெற்றோர் ஒருவர் என்னிடம், "ஐயா, இருட்டோடு எழுந்து நிரை நிரையாக ஏறி இறங்கினோமே, போதாதா? கால் ஓய்ந்த மக்கள் ஓய்வு நாளிலும் மேடு ஏறவேண்டுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பால்மரம் வெட்டியவர்களின் நடையைக் கணக்கிட்டவர் எவருமிலர். என் தாயாரும் வாளியும் உளியுமாக மேட்டுக் காட்டில் நடந்தவரே. அந்த நடை கூலிக்காக நடந்த நடை. கண் மரத்தின் மீதும் கோப்பையின் மீதுமே இருந்தது. நிமிர்ந்து மலையைப் பார்க்க நேரமில்லை. இன்று அந்த மரங்களும் பெரும்பாலும் இல்லை. செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போ அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் சிதறிப் போயின. பிள்ளைகள் பள்ளியில் மட்டுமே ஒருவரையொருவர் காண்கின்றனர். வீடு சென்றதும் கதவு சாத்தப்படுகிறது. கைப்பேசித் திரையில் உலகின் மலைகளையெல்லாம் கண்ட பிள்ளை, தன் சன்னலில் தெரியும் மலையின் பெயரை அறியாதிருக்கிறது. தலைமையாசிரியரே அங்குச் சென்றதில்லை எனும்போது பிள்ளையைக் குறைகூறல் எவ்வாறு?

இனி என் முதல் ஏற்றத்தைக் கூறுகிறேன். அதில் எனக்குப் பெருமையில்லை. கிளேடாங் மலை 808 மீட்டர் உயரமுடையது. கச்சானுக்குப் பெயர்பெற்ற மெங்லெம்புவின் பக்கமாக ஏறுவர். உச்சியிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்குச் செல்லத் தார்ச்சாலை ஒன்றும், காட்டின் ஊடே ஒற்றையடிப் பாதைகளும் உள்ளன. வைகறையில் அம்மலையேறி, பின் வேலைக்குச் செல்லும் ஈப்போவாசிகள் பலர். அன்று எங்கள் குழுவிலே மூட்டுவலியுடைய முதிய மாது ஒருவர் இருந்தார். அனைவரும் அவர் நடைக்கேற்ப மெதுவாக நடந்தனர். "தோட்டத்துப் பிள்ளை நான், எனக்கு வழி தெரியாதா?" என்ற எண்ணம் எனக்கு. எவரிடமும் சொல்லாமல் முன்னே சென்றேன். கிளைப்பாதை ஒன்றில் திரும்பினேன். கால்மணி நேரத்தில் பாதை மங்கிப் பிரம்புப் புதரில் முடிந்தது. திரும்பி வந்தால், வந்த வழி எதுவென்று விளங்கவில்லை. கத்தினேன்; சில்வண்டின் ஒலியே மறுமொழி. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து ஊதல் ஒலி கேட்டது. என்னைத் தேடிக் குழு முழுவதும் நின்றிருந்தது. யாரும் கடிந்து பேசவில்லை. அம்முதிய மாது தம் பையிலிருந்து ஆரஞ்சுப் பழம் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகுதான் அறிந்தேன், அவரும் பால்மரம் வெட்டியவரே. அன்று என் பொருட்டு அக்குழு உச்சிக்குச் செல்லாமலேயே திரும்பிற்று.

அன்றிலிருந்துதான் குழுநடையின் ஒழுங்குகளை உற்றுக் கவனிக்கலானேன். முன்னே வழிகாட்டி ஒருவர். இறுதியில் பின்காப்பாளர் ஒருவர். பின்காப்பாளர்க்குப் பின்னால் எவரும் நிற்றலாகாது. வழிகாட்டியை எவரும் முந்துதலாகாது. பாதை பிரியும் இடந்தோறும் குழு நின்று, கடைசி ஆள் வரும்வரை காத்திருக்கும். புறப்படும்போதும் ஓய்வின்போதும் இறங்கியபின்னும் தலை எண்ணப்படும். இஃது என்ன புதிய வித்தையா? விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணிய வழக்கந்தானே! அங்கு எண்ணியது கூலிக் கணக்கிற்காக; இங்கு எண்ணுவது ஆளுக்காக. வேறுபாடு அவ்வளவே. நடை வேகத்தை முடிவு செய்பவர் வலியவர் அல்லர், கடைசியில் வருபவரே. பின்தங்கி வருபவர் வந்து சேர்ந்தவுடன் முன்னவர்கள் எழுந்து நடக்கத் தொடங்குவது புதியவர் குழுக்களில் காணும் பெரும்பிழை. முன்னவர் ஓய்ந்துவிட்டனர், பின்னவர்க்கோ ஓய்வே இல்லை. ஆகவே அவரும் அமர்ந்து நீர் பருகிய பின்னரே புறப்படல் வேண்டும்.

கணக்கில் விருப்பமுள்ள மாணவர்க்கு ஒரு செய்தி. ஸ்காட்லாந்து நாட்டு மலையேறியான நைஸ்மித் என்பார் 1892ஆம் ஆண்டில் ஒரு விதி வகுத்தார். ஐந்து கிலோமீட்டர் தொலைவிற்கு ஒரு மணி நேரம். அத்துடன் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்திற்கும் மேலும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்க என்பது அவ்விதி. ஆறு கிலோமீட்டர் பாதையில் 600 மீட்டர் உயரம் ஏறவேண்டுமெனில், 72 நிமிடமும் 60 நிமிடமும் சேர்ந்து 132 நிமிடம் ஆகும். ஆனால் அவர் குளிர்நாட்டில் வலுவுடையோர்க்காகக் கணித்தார். நம் வெப்பத்தில், வேர் பின்னிய வழியில், பிள்ளைகளோடு செல்லும்போது அதனை இருமடங்காகக் கொள்வதே அறிவுடைமை. நம் நாட்டில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால் வைகறையிலேயே புறப்படுவர். விடியலில் பால் நன்கு வடியும் என்று இருட்டோடு எழுந்த நம்மவர்க்கு இவ்வேளை புதிதன்று. எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும் என்பதை அடிவாரத்திலேயே முடிவு செய்து, உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் அந்நேரம் வந்ததும் திரும்பிவிடுதல் கழகத்தின் கண்டிப்பான வழக்கம். மேலே எங்கோ பெய்த மழையால் ஆற்றில் திடீரென நீர் பெருகி வருவதை மலாய்மொழியில் 'கெப்பாலா ஆயர்' என்பர். நீர் கலங்கிச் சருகுகள் மிதந்து வரக் கண்டால் உடனே கரையேறுக.

வழி தவறியவன் செய்யவேண்டியதையும் கூறிவிடுகிறேன். நான் செய்யத் தவறியதும் அதுவே. நின்ற இடத்தில் நிற்றல் வேண்டும். நிமிடத்திற்கு ஆறு முறை ஊதல் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதல் வேண்டும். இஃது உலகெங்கும் மலையேறிகள் அறிந்த துன்பக் குறி. கேட்டவர் நிமிடத்திற்கு மூன்று முறை ஊதி விடையளிப்பர்.

வழியறிந்தவன் வழியறியாதவனுக்கு உரைத்தல் தமிழர்க்குப் பழைய மரபு. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியைக் கூறும் நூல். வழுக்கும் பாறைகள் எங்குள்ளன, எவ்விடத்தில் விழிப்புடன் செல்லவேண்டும், எவ்வூரில் உணவு கிடைக்கும் என்பனவெல்லாம் அதில் உள்ளன. அதனை ஆசிரியர் கல்லூரியில் தேர்வுக்காகப் படித்தபோது எனக்குச் சலிப்பாக இருந்தது. மலையில் வழிதவறிய பின் மீண்டும் படித்தேன். ஒவ்வோர் அடியும் பயனுடையதாகத் தோன்றிற்று.

இரண்டாம் முறை உச்சியை அடைந்தேன். கிழக்கே ஈப்போ நகரம் பரந்து கிடக்க, அதனிடையே சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக நின்றன. ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற குட்டைகள் வெயிலில் மின்னின. அப்பால் தித்திவங்சா மலைத்தொடர். சுண்ணாம்புக் குன்றுகள் 25 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடைய கடலடிப் படிவுகள். நாங்கள் நின்றிருந்த கிளேடாங்கோ கருங்கல் மலை. நிலத்தின் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகி, பின் வெளிப்பட்டது. அக்கருங்கல்லோடு வந்த ஈயமே கிந்தாப் பள்ளத்தாக்கிற்கு மக்களை ஈர்த்தது. சுண்ணாம்புக் குன்றுகளில் மழைநீர் கல்லைக் கரைத்துக் குகைகளையும் பிளவுகளையும் உண்டாக்குகிறது. 1973ஆம் ஆண்டில் ஈப்போவின் குனோங் சீரோவில் பெரும்பாறை பெயர்ந்து விழுந்து, மலையடியில் குடியிருந்தோர் பலர் மாண்டனர். ஆகவேதான் எங்கள் குழு, துருத்தி நிற்கும் சுண்ணாம்புப் பாறையின் கீழ் உணவருந்த அமர்வதில்லை.

நடப்பதோடு மரஞ்செடிகளையும் பறவைகளையும் அறிய விரும்புவோர்க்கு மலேசிய இயற்கைக் கழகம் உண்டு. 1940ஆம் ஆண்டில் தோன்றிய அதற்குப் பேராக்கில் கிளையும் இருக்கிறது. 1993, 1994ஆம் ஆண்டுகளில் அக்கழகம் பேராக்கின் வடகோடியிலுள்ள பெலும் காட்டில் ஆய்வுப் பயணம் நடத்தியது. பின்னர் 2007ஆம் ஆண்டில் அக்காட்டின் ஒரு பகுதி அரச பெலும் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. காட்டில் நடந்து, கண்டதை எழுதி வைத்தவர்களின் உழைப்பும் அதற்குத் துணை நின்றது. பள்ளிகளில் இயற்கை அன்பர் கழகங்கள் அமைக்கவும் அக்கழகம் துணைபுரிகிறது.

பெரிய மலைகளைப் பற்றிக் கேட்கும் மாணவர்க்குச் சொல்வேன்: தீபகற்பத்தின் மிக உயர்ந்த தாகான் மலை 2,187 மீட்டர், நம் பேராக்கின் கோர்பு மலை 2,183 மீட்டர். நான்கே மீட்டர் குறைவு! ஆயினும் கோர்பு ஒரே நாளில் ஏறி இறங்கும் மலையன்று. காட்டில் இராத்தங்க வேண்டும். வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். நிலைக்காடுகளில் அனுமதியின்றி நுழைதல் சட்டப்படி குற்றமாகும். 1997ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், மு. மகேந்திரன், ந. மோகனதாஸ் என்னும் நம் இனத்தவர் இருவர் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர்களாயினர். அன்று வானொலியருகே நின்ற என் தந்தையார் கண்கலங்கியது நினைவிருக்கிறது. உச்சியில் நின்றவர் இருவர்; கீழே முகாம்களில் உழைத்தவர் பலர்.

"செலவு எவ்வளவு ஆகும், ஐயா?" என்று கேட்கும் பெற்றோர்க்கு இறுதியாக ஒன்று. விலையுயர்ந்த காலணி வேண்டியதில்லை. பால்மரம் வெட்டுவோர் அணிந்த முழு இரப்பர்க் காலணியையே இன்று மலையேறிகள் தேடி வாங்குகின்றனர். அடியில் முட்கள் போன்ற பிடிப்புகள் இருப்பதால் சேற்றில் வழுக்காது. நனைந்தாலும் கழுவிக் கவிழ்த்தால் உலர்ந்துவிடும். மலாய் நண்பர்கள் அதனை வேடிக்கையாகக் 'கம்போங் அடிடாஸ்' என்கின்றனர். அந்நிறுவனத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. நீண்ட காலுறை, இரண்டு புட்டி நீர், மழையாடை, ஊதல், கைவிளக்கு, ஒரு பொட்டலம் சோறு ஆகியவை போதும். அட்டைக் கடிக்கு எங்கள் தாயார் காலத்தில் புகையிலை நீரைக் காலில் தடவுவர். இன்று காலுறையின் மீது சவர்க்காரம் தேய்த்துக் கொள்வோரும் உண்டு. இதயநோய், ஈளை நோய் உடையோர் மருத்துவரைக் கேட்டபின் வருக.

அந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் இப்போது ஆறாம் ஆண்டில் பயில்கிறான். பள்ளி விடுமுறையில் அவனும் அவன் பாட்டியாரும் எங்களோடு கிளேடாங் வந்தனர். பாட்டியார் பாதிவழியில், "நீங்கள் போங்கள், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். பின்காப்பாளர் மறுத்துவிட்டார். ஆதலால் நாங்கள் பதினொருவரும் அங்கேயே அமர்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். உச்சிக்கு அடுத்த முறை செல்வதாக இருக்கிறோம்.