பழுப்பேறிய காவலர்கள்

சிகரெட் பிடிப்பவரின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், மேக்ரோஃபேஜ்கள் பழுப்பேறிக் கிடப்பது தெரியும். காற்றறைகளில் உலவித் தூசியையும் கிருமியையும் விழுங்கும் வெள்ளையணுக்கள் இவை. புகைக்காதவரிடம் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாகவும் இருக்கும். ஆள் கூடினால் காவலும் கூடும்தானே என்று தோன்றலாம். ஆனால் புகைப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. காவலுக்கு நிற்பவர்களின் கவசமே புகையில் கரைந்துபோவது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

விழுங்கிய கிருமியைக் கொல்ல மேக்ரோஃபேஜ் தனக்குள்ளேயே வீரியமான ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அந்த நெருப்பு தன்னைச் சுடாமல் பார்த்துக்கொள்வது குளூட்டத்தயோன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட். வழக்கமாக இது செலவழிந்து தீர்ந்துவிடுவதில்லை. ஆக்ஸிஜனேற்றம் அடைந்ததை ஒரு நொதி பழையபடி மாற்றி வேலைக்கு அனுப்பிவிடும். சிகரெட் புகை கைவைப்பது இந்தச் சுழற்சியில்தான். எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகையும்போது கண் எரியுமே, அந்த எரிச்சலைத் தரும் அக்ரோலின் சிகரெட் புகையிலும் உண்டு. அது குளூட்டத்தயோனோடு ஒட்டிக்கொண்டால் அந்த நொதியால் மீட்க முடியாது. செல் அதை வெளியே தள்ளிவிட்டு, புதிதாகத்தான் செய்துகொள்ள வேண்டும்.

புகைப்பவரின் காற்றறை நீரில் குளூட்டத்தயோன் அதிகமாகவே இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். புகை பட்டதும் குறையும். பிறகு என்ஆர்எஃப்2 என்ற புரதம் மரபணுக்களைத் தட்டியெழுப்ப, உற்பத்தி கூடும். ஆனால் இது தெம்பு உள்ளவரைதான். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றியவர்களின் மேக்ரோஃபேஜ்களில் அந்த என்ஆர்எஃப்2-வே குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

அப்படியானால் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டால் போதாதா? புற்றுநோயைத் தடுக்க இவை உதவுமா என்று பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் சோதித்தார்கள். 1994-இல் வெளியான முடிவு அதிர்ச்சி தந்தது: பீட்டா கரோட்டின் உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. வைட்டமின் ஈ-யும் காக்கவில்லை. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ கொடுத்து நடந்த சோதனையிலும் புற்றுநோய் கூடவே, 1996-இல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். புகை நிறைந்த நுரையீரலில் பீட்டா கரோட்டினே சிதைந்து கேடு செய்யும் பொருளாகிவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.