வெள்ளைப்பிரம்பும் செய்மதியும்

அறிமுகமற்ற நகரொன்றில் பஸ்ஸிலிருந்து இறங்கும் விழிப்புலனற்ற ஒருவருக்கு முதலில் எழும் கேள்வி, தாம் எங்கே நிற்கின்றோம் என்பதேயாகும். கையிலுள்ள வெள்ளைப்பிரம்பு காலுக்கு முன்னாலுள்ள படியையும் பள்ளத்தையும் உணர்த்தும். ஆனால் இது எந்தச் சந்தி, வைத்தியசாலை எத்திசையில் உள்ளது என்பவற்றை அது கூறாது. அதற்கு அவர் வழிப்போக்கர் ஒருவரின் தயவை நாட வேண்டியிருந்தது. இந்நிலையை ஓரளவு மாற்றியமைத்த பெருமை ஜீ.பி.எஸ். எனப்படும் செய்மதி வழிகாட்டலுக்கு உரியது.

பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோ மீற்றர் உயரத்தில் சுற்றிவரும் இச்செய்மதிகள், அணுக்கடிகாரங்களின் துணையுடன் துல்லியமான நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞைகள் வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு, கருவி தனது இருப்பிடத்தைக் கணித்துக் கொள்கின்றது. அதனை மின்னியல் வரைபடத்துடன் ஒப்பிட்டு, வீதியின் பெயரையும் செல்ல வேண்டிய திசையையும் குரலில் அறிவிப்பதே விழிப்புலனற்றோருக்கான சாதனங்களின் பணியாகும்.

இம்முயற்சியின் தொடக்கம் 1980களுக்குரியது. அமெரிக்காவின் சாந்தா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜெக் லூமிஸ் 1985இல் இத்தகைய திட்டமொன்றை முன்வைத்தார். மனிதர் வழியறியும் விதத்தை ஆராய்ந்து வந்த புவியியல் பேராசிரியர் ரெஜினோல்ட் கொலெட்ஜ் அவருடன் இணைந்தார். 1980களின் நடுப்பகுதியில் தமது பார்வையையே இழந்தவர் கொலெட்ஜ் என்பது குறிப்பிடத்தக்கது. 1990களில் அவர்கள் பரிசோதித்த கருவி, முதுகில் சுமக்க வேண்டிய ஒரு பொதியாக இருந்தது.

அக்காலத்தில் பொதுமக்களுக்கான சமிக்ஞையை அமெரிக்கா வேண்டுமென்றே துல்லியம் குன்றச் செய்திருந்தமையால், பிழை 100 மீற்றர் வரை இருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் இக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் கையில் எடுத்துச் செல்லத்தக்க பேசும் கருவிகள் விற்பனைக்கு வந்தன. இன்று அதே பணியைக் கையடக்கத் தொலைபேசியே செய்துவிடுகின்றது.

எனினும், இதன் எல்லைகளை உணர்ந்துகொள்வது அவசியம். திறந்த வெளியில்கூட தொலைபேசியின் கணிப்பில் சுமார் 5 மீற்றர் பிழை ஏற்படலாம். உயர்ந்த கட்டடங்களுக்கிடையில் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறிப்பதால் பிழை மேலும் அதிகரிக்கும். வாகனச் சாரதிக்கு இது பொருட்டல்ல. அவர் வீதியைக் கண்ணால் காண்கின்றார். விழிப்புலனற்றவருக்கோ 5 மீற்றர் என்பது வீதியின் மறுபக்கமாகும். நடைபாதையில் நிறுத்தப்பட்ட முச்சக்கரவண்டியையும் மூடியற்ற வடிகானையும் எந்தச் செய்மதியும் அறியாது. ஆகவே, ஜீ.பி.எஸ். வெள்ளைப்பிரம்புக்குத் துணையேயன்றி அதற்கு மாற்றீடு அல்ல.

மற்றோர் ஆபத்தும் உண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2018இல் வெளியிட்ட 'சவுண்ட்ஸ்கேப்' என்னும் செயலி, சுற்றியுள்ள இடங்களின் பெயர்களை அவை இருக்கும் திசையிலிருந்தே காதில் ஒலிக்கச் செய்தது. 2023 ஜனவரியில் நிறுவனம் அதனை நிறுத்திக்கொண்டது. அதன் மென்பொருள் நிரல் எவரும் பயன்படுத்தத்தக்க வகையில் வெளியிடப்பட்டதாலேயே, பிறரால் அதனைத் தொடர முடிந்தது. ஒருவரின் நடமாட்டச் சுதந்திரம் ஒரு நிறுவனத்தின் தீர்மானத்தில் தங்கியிருப்பது எவ்வளவு பலவீனமானது என்பதை இது உணர்த்துகின்றது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை, அவர்கள் தாம் விரும்பும் வேளையில், தாங்கக்கூடிய செலவில் நடமாட வழிசெய்யுமாறு அரசுகளைப் பணிக்கின்றது. இலங்கை 2016இல் இச்சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. செய்மதியை ஏவுவது நமது வேலையல்ல. ஆனால் நடைபாதையைத் தடையின்றி வைத்திருப்பதும், வடிகானை மூடுவதும், எவரும் பங்களிக்கத்தக்க 'ஓப்பன் ஸ்ட்ரீட் மெப்' போன்ற வரைபடங்களில் நமது ஊரின் பஸ் தரிப்பிடத்தையும் பாதசாரிக் கடவையையும் சரியாகக் குறிப்பதும் நம்மால் இயலாத காரியங்கள் அல்ல. வானிலிருந்து வரும் வழிகாட்டல் வீட்டு வாசல்வரை பயன்தர வேண்டுமாயின், எஞ்சிய அந்த 5 மீற்றருக்கு நாமே பொறுப்பேற்க வேண்டும்.