மூன்றே நிமிடத்தில் ஒரு முழு ஆராய்ச்சி! தெரியுமா?

ஐந்து வருஷம் ஆய்வுக்கூடமே கதி என்று கிடந்தவர், அத்தனை உழைப்பையும் மூன்றே நிமிடத்தில் சொல்லிவிட்டு மேடையிறங்கினால் எப்படி இருக்கும்? அதுவும், முன்வரிசையில் இருக்கும் எட்டாம் வகுப்புப் பையன், "அட, புரிஞ்சிடுச்சே!" என்று துள்ளும்படி சொல்லிவிட்டால்? இளம் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் புதுப்புது யோசனைகளை இப்படி மேடையேற்றுவதற்கென்றே உலகமெங்கும் போட்டிகள் நடக்கின்றன.

ஆர்.கே.புரத்தில் வசிக்கும் நமக்கு இது ஏதோ வெளியூர் சங்கதி இல்லை. மெட்ரோவின் மெஜந்தா லைனில் ஐ.ஐ.டி. ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷனே நம்முடையது. அதற்கடுத்த முனீர்காவில் இறங்கி ஜே.என்.யூ. போகும் ஆராய்ச்சி மாணவர்கள் எத்தனையோ பேர். நாட்டின் அறிவியல் திட்டங்களைத் தீட்டும் டெக்னாலஜி பவனும் கூப்பிடு தூரத்தில், நியூ மெஹ்ரோலி ரோட்டில்தான் இருக்கிறது. அறிவியலுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு இந்த அதிசயங்களைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கலாமா? வாருங்கள்!

தண்ணீர்ப் பஞ்சத்தில் பிறந்த போட்டி, தெரியுமா?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தைக் கடும் வறட்சி வாட்டிய காலம். குளியலை மூன்றே நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். நேரம் பார்க்கக் குளியலறைச் சுவரில் ஒரு மூன்று நிமிட டைமரை ஒட்டி வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. அதைக் கண்ட குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்புப் பள்ளித் தலைவர் ஆலன் லாசனுக்குப் பொறி தட்டியது. மூன்று நிமிடத்தில் குளிக்க முடியும் என்றால், மூன்று நிமிடத்தில் ஆராய்ச்சியைச் சொல்ல முடியாதா?

2008-ல் 160 பேரோடு தொடங்கியது 'த்ரீ மினிட் தீசிஸ்' போட்டி. இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில், 900-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் நடக்கிறது! ஒரே ஒரு ஸ்லைடு, அதுவும் அசையாத படம். கையில் எந்தப் பொருளும் கூடாது, பாட்டும் கூடாது. மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு நொடி போனாலும் போட்டியிலிருந்து வெளியே! 80,000 சொற்கள் கொண்ட ஓர் ஆய்வேட்டை நிறுத்தாமல் வாசித்தால் ஒன்பது மணி நேரம் ஆகும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அந்த ஒன்பது மணி நேரம்தான் மூன்று நிமிடமாகச் சுருங்குகிறது!

கிடார் வாசித்தே இயற்பியல் சொன்னவர், தெரியுமா?

2005-ல் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் அறிவியல் விழாவில் பிறந்தது 'ஃபேம்லேப்'. இங்கேயும் அதே மூன்று நிமிடம்தான். ஆனால் ஸ்லைடே கிடையாது! கையில் தூக்கிக்கொண்டு மேடையேற முடிகிற பொருளை மட்டும் கொண்டு வரலாம். நடுவர்கள் பார்ப்பது மூன்றே விஷயம். சொன்னது சரியா? தெளிவாக இருந்ததா? கேட்டவர்களைக் கட்டிப்போட்டதா?

முதல் வருஷமே பட்டத்தைத் தட்டிச் சென்றவர் மார்க் லூனி. கிடாரின் ஒலியில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவர் தூக்கிக்கொண்டு வந்தது என்ன என்று கேட்கவே வேண்டாம், கிடார்தான்!

இதயம் நின்ற பிறகும் பிழைக்கும் தவளை, தெரியுமா?

2013-ன் சர்வதேச ஃபேம்லேப் மேடை. அயர்லாந்தின் ஃபெர்கஸ் மெக்காலிஃப் ஒரு தவளையின் கதையைச் சொல்கிறார். வட அமெரிக்கக் காடுகளில் வாழும் அந்தத் தவளை, குளிர்காலம் வந்ததும் காய்ந்த சருகுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்கிறது. முதலில் தோலில் பனி படர்கிறது. உடனே கல்லீரல் சர்க்கரையை அள்ளி அள்ளி ரத்தத்தில் கொட்டுகிறது. அந்தச் சர்க்கரைதான் செல்களுக்குக் கவசம்! செல்களுக்கு வெளியே இருக்கும் தண்ணீர் கட்டிகட்டியாக உறைகிறது. உடம்பிலுள்ள தண்ணீரில் பாதிக்கும் மேல் பனியாகிவிடுகிறது. மூச்சு நிற்கிறது. இதயமும் நிற்கிறது! கையில் எடுத்தால் கல் மாதிரி இருக்கும். வெயில் திரும்பியதும் உள்ளிருந்து வெளியே உருகி, இதயம் மறுபடி துடித்து, தவளை துள்ளிக் குதித்துப் போய்விடுகிறது!

படம் இல்லை, வரைபடம் இல்லை. வெறும் வாய்வார்த்தையால் சொன்ன அந்தத் தவளைக் கதை ஃபெர்கஸுக்கு உலகப் பட்டத்தை வாங்கித் தந்தது.

கோதுமையில் தங்கம் விளையுமா, தெரியுமா?

2017-ல் அதே பட்டம் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. வென்றவர் ஷியாமோ லெகோஆலே என்ற நிலவியல் ஆய்வாளர். தங்கச் சுரங்கங்களிலிருந்து தோண்டிக் கொட்டிய கழிவு மண், அந்த நாட்டில் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. அதில் தங்கம் துளித்துளியாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் வழக்கமான முறையில் பிரித்தெடுத்தால் கட்டுப்படியாகாது. அந்த மண்ணில் கோதுமையை விதைத்தால்? வேர் தங்கத்தை உறிஞ்சிக்கொள்ளும், பயிரை அறுத்துத் தங்கத்தைப் பிரித்துக்கொள்ளலாம், மண்ணும் சுத்தமாகும் என்றார் ஷியாமோ. கேட்டவர்கள் எப்படி வாய்பிளந்திருப்பார்கள்!

உலகப் பட்டம் வென்ற வீரகுமாரசிவம், தெரியுமா?

அதற்கு முந்தைய வருஷம், 2016-ல், உலக ஃபேம்லேப் பட்டத்தை வென்றவர் மலேசியாவின் மரபியல் அறிஞர் அபிமன்யு வீரகுமாரசிவம்! பெயரைக் கேட்டதுமே நமக்கு நெஞ்சு நிமிர்கிறது இல்லையா? அதற்கும் முந்தைய வருஷம், 2015-ல், கூகுள் அறிவியல் போட்டியில் பரிசு வாங்கியவர்களில் ஒருவர் இங்கிலாந்தில் படித்த கிருத்தின் நித்தியானந்தம். அப்போது அவருக்கு வயது 15-தான். ஞாபகமறதி நோயான அல்சைமரை, அறிகுறி தெரிவதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது என்று யோசனை சொன்னார் அந்தப் பிள்ளை!

பெர்லின் சுவருக்கும் சாணக்கியபுரிக்கும் என்ன சம்பந்தம், தெரியுமா?

1989 நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் வீழ்ந்தது. அந்த நாளை நினைவில் வைத்து, அடுத்து எந்தச் சுவரை உடைக்கப் போகிறோம் என்று விஞ்ஞானிகளைக் கேட்கும் மாநாடு அங்கே 2009-ல் தொடங்கியது. அதிலிருந்து முளைத்ததுதான் இளைஞர்களுக்கான 'ஃபாலிங் வால்ஸ் லேப்'. இங்கும் மூன்று நிமிடம்தான். புற்றுநோய், பிளாஸ்டிக் குப்பை, குடிநீர் என்று ஆளுக்கொரு சுவரை எடுத்துக்கொண்டு, அதை எப்படி உடைப்பேன் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். வெல்பவருக்கு பெர்லின் மேடை காத்திருக்கிறது!

இந்தியாவில் இந்தப் போட்டியை நடத்தும் ஜெர்மன் ஆராய்ச்சி மையம் எங்கே இருக்கிறது? நமக்குப் பக்கத்திலேயே, சாணக்கியபுரியில்! பெர்லினுக்குப் போகும் வழி ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு ஆட்டோ சவாரியில் தொடங்குகிறது.

ஆய்வேட்டை ஆடிக் காட்டலாம், தெரியுமா?

2008-லிருந்து நடக்கிறது 'டான்ஸ் யுவர் பிஎச்.டி.' போட்டி. ஆராய்ச்சியை நடனமாக ஆடிப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். 2019-ல் முடிவு அறிவித்தபோது முதலிடம் பிடித்தவர், கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த பிரமோத் யாப்பா. கடுங்குளிரில் சில உலோகங்களில் எலெக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துகொள்ளும். அப்போது மின்சாரம் துளித் தடையும் இல்லாமல் பாயும். அந்த ஜோடி சேர்தலை ஆண்களும் பெண்களும் கைகோத்து ஆடிக் காட்டியதும் விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது! பரதம் ஆடத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அணுவையும் அண்டத்தையும் அவர்கள் அபிநயம் பிடித்தால் எப்படி இருக்கும்!

கதை எழுதினால் ஒரு லட்சம் ரூபாய், தெரியுமா?

டெக்னாலஜி பவனில் இயங்கும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-ல் 'அவ்சர்' என்ற போட்டியைத் தொடங்கியது. முனைவர் பட்ட மாணவர்கள் தங்கள் ஆராய்ச்சியைச் சாதாரண மக்களுக்குப் புரியும் கதையாக எழுத வேண்டியிருந்தது. முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய்! பரிசு வழங்கத் தேர்ந்தெடுத்த நாளோ பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். 1928-ல் அதே தேதியில்தான் சர் சி.வி.ராமன், 'ராமன் விளைவு' என்று இன்று உலகம் சொல்லும் தன் கண்டுபிடிப்பை அறிவித்தார்.

அந்த ராமன் மேடைப் பேச்சிலும் மன்னர். நோபல் பரிசு வாங்கி 38 வருஷம் ஆன பிறகு, 80 வயதில், 1968 டிசம்பரில் ஆமதாபாத்தில் அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு என்ன தெரியுமா? வானம் ஏன் நீலமாக இருக்கிறது! சின்னப் பிள்ளை கேட்கும் கேள்விதான். அதை அத்தனை பெரிய விஞ்ஞானி அத்தனை மகிழ்ச்சியோடு விளக்கினார்.

சொற்பொழிவு கேட்டே விஞ்ஞானி ஆனவர், தெரியுமா?

லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்த ஓர் ஏழை வாலிபர், 1812-ல் ஹம்ஃப்ரி டேவியின் அறிவியல் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார். கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, படம் வரைந்து, தன் கையாலேயே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பி வைத்தார். மறு வருஷமே அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அவர்தான் மைக்கேல் ஃபாரடே! மின் மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் வித்திட்டவர். இன்று நம் வீட்டில் மின்விசிறி சுழல்கிறதே, அதன் மூலக்கதையில் ஒரு நல்ல சொற்பொழிவுக்கும் பங்கு இருக்கிறது. பிற்பாடு ஃபாரடேயே 19 வருஷம் குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் சொற்பொழிவு நிகழ்த்தினார். ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் விளக்கினார்!

தமிழிலேயே ஆய்வு சொல்லலாம், தெரியுமா?

1993-லிருந்து நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் பங்கேற்கலாம். தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, கள ஆய்வு செய்து, வந்து சொல்ல வேண்டும். குளத்து நீர், தெருக் கொசு, பாட்டி சொன்ன மூலிகை என எதையும் எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தாய்மொழியில் சொல்லலாம்! தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வருஷக்கணக்காகக் கிராமம் கிராமமாகப் போய் இதற்குப் பிள்ளைகளைத் தயார்செய்திருக்கிறது.

பிரஸ்வாலா வண்டி கிளாஸ்கோ வரை போனது, தெரியுமா?

நம் செக்டர்களில் குவார்ட்டர்ஸ் ஓரமாக, வேப்பமரத்தடியில் மேசை போட்டுத் துணி தேய்க்கும் பிரஸ்வாலாவைப் பார்க்காத நாள் உண்டா? கனன்று சிவக்கும் கரி, கனமான இஸ்திரிப் பெட்டி, கண்ணைக் கரிக்கும் புகை. திருவண்ணாமலையில் இதே காட்சியைக் கண்டார் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர். தேய்த்து முடித்ததும் எரிந்த கரியைத் தெருவில் கொட்டி ஆறவைப்பதைப் பார்த்து அவர் மனம் கேட்கவில்லை. இவ்வளவு வெயில் காய்கிறதே, இதை வைத்தே தேய்த்தால் என்ன?

வண்டியின் கூரையில் சூரியத் தகடு, அடியில் பேட்டரி. ஐந்து மணி நேரம் நல்ல வெயில் கிடைத்தால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம்! 2019-ல் அப்துல் கலாம் பெயரிலான 'இக்னைட்' விருது, 2020-ல் ஸ்வீடனின் குழந்தைகள் காலநிலைப் பரிசு, 2021-ல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்று என்று வரிசையாக வந்தன. அதே 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் நின்று, வெறும் பேச்சு போதும், செயலில் இறங்குங்கள் என்று முழங்கினார் அந்தத் திருவண்ணாமலைப் பெண்!

64 கிராம் செயற்கைக்கோள், தெரியுமா?

கரூர் மாவட்டம் பள்ளப்பட்டி ரிஃபாத் ஷாரூக்கும் அவர் குழுவும் மாணவர்களுக்கான 'க்யூப்ஸ் இன் ஸ்பேஸ்' போட்டிக்கு ஒரு யோசனை அனுப்பினார்கள். கார்பன் இழையில் 3டி பிரிண்டரால் செய்த ஒரு குட்டிப் பெட்டி. எடை 64 கிராம். பெயர் கலாம்சாட்! 2017 ஜூன் 22 அன்று நாசாவின் வாலப்ஸ் ஏவுதளத்திலிருந்து ராக்கெட்டில் ஏறி விண்ணைத் தொட்டுத் திரும்பியது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?

வறட்சி, தவளை, கோதுமை, இஸ்திரி வண்டி என்று எதை எடுத்தாலும் நடந்தது ஒன்றுதான். ஒருவர் யோசித்தார், அதைப் பிறருக்குப் புரியும்படி சொன்னார், சொன்னதால் அந்த யோசனை உலகத்துக்குச் சொந்தமானது. ஆய்வுக்கூடத்து நோட்டுப் புத்தகத்திலேயே தங்கிவிடும் ஆராய்ச்சி பாதி வேலைதான். மீதிப் பாதி, அதை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

அதற்கு வேண்டியதெல்லாம் ஆர்.கே.புரத்தில் இருக்கிறது. செக்டர் 5-ல் தில்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. செக்டர் 4-ல் நம் டி.டி.இ.ஏ. பள்ளி இருக்கிறது. ஐ.ஐ.டி.யிலும் ஜே.என்.யூ.விலும் ஆராய்ச்சி செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மலைமந்திருக்கு வந்து முருகனைக் கும்பிட்டுவிட்டுப் போகும் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வருகிற பிப்ரவரி 28 அன்று இவர்களை ஒரே கூரையின்கீழ் கூட்டுவோம். ஒரு மைக், ஒரு மணி, ஆளுக்கு மூன்று நிமிடம். ஆராய்ச்சியாளர்கள் தமிழில் சொல்லட்டும். பள்ளிப் பிள்ளைகளே நடுவராக உட்காரட்டும், புரியாவிட்டால் எழுந்து கேள்வி கேட்கட்டும். மறு வருஷம் அந்தப் பிள்ளைகளில் சிலர் தங்கள் சொந்த யோசனையோடு மேடையேறுவார்கள். ஆரம்பிப்போமா?