நியோபிய மின்பகு கொள்ளளவி: உற்பத்திச் சிக்கலும் தீர்வும்

2000ஆம் ஆண்டில் தந்தாலம் என்னும் உலோகத்தின் விலை பன்மடங்கு உயர்ந்தது. கையடக்கத் தொலைபேசிகளில் இடம்பெறும் நுண்ணிய கொள்ளளவிகளே இதற்கு முக்கிய காரணமாகும். அவ்வேளையில் கிழக்குக் கொங்கோவில் தந்தாலத் தாதுவை அகழ்ந்த எளிய மக்களின் உழைப்பை ஆயுதக் குழுக்கள் சுரண்டின. ஐக்கிய நாடுகள் சபை நியமித்த நிபுணர் குழு இதனை 2001இல் அம்பலப்படுத்தியது. தந்தாலத்துக்கு மாற்று உண்டா என்ற வினாவை இப்பின்னணியிலேயே நாம் நோக்குதல் வேண்டும்.

ஆவர்த்தன அட்டவணையில் தந்தாலத்தின் அதே கூட்டத்தைச் சேர்ந்த நியோபியம், பிரேசிலின் அராஷா பகுதியில் பெருமளவு கிடைக்கின்றது. இதன் அடர்த்தி தந்தாலத்தினதில் ஏறத்தாழ அரைப்பங்கே. இரண்டிலும் உற்பத்தி முறை ஒன்றே. உலோகத் தூள் அழுத்தப்பட்டு, வெற்றிடத்தில் சூடேற்றப்பட்டு, நுண்டுளைகள் நிறைந்த வில்லையாக்கப்படும். அவ்வில்லையை அனோட்டாகக் கொண்டு, ஐதான பொசுபோரிக்கமிலத்தில் மின்னோட்டம் செலுத்தப்படும்போது அதன் மேற்பரப்பில் ஒட்சைட்டுப் படலம் உருவாகின்றது. இதுவே மின்னைக் காக்கும் காவலிப்படை. பின்னர் துளைகளை மங்கனீசீரொட்சைட்டால் நிரப்பிக் கதோட்டு அமைப்பர்.

நியோபியம் ஐயொட்சைட்டின் மின்னுழைய மாறிலி ஏறத்தாழ 41. தந்தால ஒட்சைட்டினது 27. ஆயினும், ஒவ்வோர் உவோற்றுக்கும் நியோபியத்தில் வளரும் படலம் அதிக தடிப்புடையது. ஆகவே பரப்பளவு அலகொன்றுக்கான கொள்ளளவம் இரண்டிலும் ஏறக்குறைய சமனாகின்றது. நியோபியத்தின் நயம் அதன் எடைக்குறைவிலேயே தங்கியுள்ளது.

உண்மையான சிக்கல் வேறு. நியோபியம் ஒட்சிசனைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் இயல்புடையது. பற்றாசு வைக்கும்போது ஏற்படும் வெப்பத்தில், படலத்திலுள்ள ஒட்சிசன் உலோகத்தினுள் ஊடுருவுகின்றது. படலம் குறைபாடுற, கசிவு மின்னோட்டம் பெருகுகின்றது. இதனைத் தடுக்க இரு வழிகள் கண்டறியப்பட்டன. ஒன்று, தூளில் நைதரசனைச் சேர்த்தல். மற்றையது, உலோகத்துக்குப் பதிலாக நியோபியம் ஓரொட்சைட்டையே அனோட்டாக்குதல். இச்சேர்வை உலோகம்போல் மின்னைக் கடத்தும். ஏற்கெனவே ஒட்சிசனைக் கொண்டிருப்பதால் படலத்திலிருந்து அதனை ஈர்க்கும் நாட்டம் குன்றியது. பழுதுற்றாலும் எளிதில் தீப்பற்றாது. எனினும் இது தாழ்ந்த அழுத்தச் சுற்றுக்களுக்கே பொருந்தும். ஆதலால் தந்தாலத்தின் இடத்தை முழுமையாக நிரப்பவில்லை.

தேவையான மூலப்பொருளை மாற்றும் வல்லமை விஞ்ஞானத்துக்கு உண்டு. அகழ்பவனின் கூலியையும் பாதுகாப்பையும் தீர்மானிப்பதோ சமுதாய உறவுகளே. இரண்டையும் ஒருங்கே சீர்திருத்துவதே முழுமையான சீர்திருத்தம் என்பது நமது கருத்து.