பம்பரில் கயிறு கட்டினால் பம்பர்தான் வரும்!

லோடு வண்டிக்காரர்களே, மழைக்கு முன் கொக்கி மாட்டுங்கள்

சென்னை,
அடைமழை பிடித்தால் சென்னையில் முதலில் சிக்கிக்கொள்வது லோடு வண்டிதான். காய்கறி மூட்டையோ, தண்ணீர் கேனோ, சிமெண்டோ, ஏற்றிய சரக்கைச் சேர்த்தே ஆக வேண்டும். மழைக்காக வீட்டில் உட்கார முடியாது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்குக் கணக்கே இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு அடுத்த கூத்து ஆரம்பம். சக்கரம் சேற்றில் புதைந்து கிடக்கும். உதவிக்கு ஒரு லாரியோ, டிராக்டரோ வரும். "அண்ணே, கயிறை எங்க மாட்டறது?" என்று கேள்வி எழும். "பம்பர்லயே கட்டுப்பா, வந்துடும்" என்று சுற்றி நிற்கிற நாலு பேர் யோசனை சொல்வார்கள்.

வரும். வண்டி அல்ல, பம்பர்!

பறக்கும் இரும்பு

பம்பர் என்பது மெல்லிய தகடு அல்லது பிளாஸ்டிக். சின்னச் சின்ன போல்ட்டில் நிற்கிறது. லேசாக இடித்தால் தாங்கும். சேற்றில் புதைந்த வண்டியின் பாரத்தைத் தாங்காது.

பம்பர் போனால் பணத்தோடு போச்சு. ஆபத்து அதோடு நிற்பதில்லை. இழுபட்ட கயிறு, கவணில் இழுத்த ரப்பர் மாதிரி. முனை பிய்த்துக்கொண்டால் அதில் மாட்டியிருக்கும் இரும்பு குண்டு போல் பாயும். டிரைவர் சீட்டுக்கும் வரலாம். வேடிக்கை பார்ப்பவர் மீதும் விழலாம்.

ஆஸ்திரேலியாவில் டிரெய்லர் மாட்டும் குண்டுக் கொக்கியில் பட்டியைப் போட்டு இழுத்தபோது, கொக்கி முறிந்து பறந்து ஆட்கள் பலியானது உண்டு. இழுவைப் பட்டியில் எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசு கட்டாயமே ஆக்கிவிட்டது.

வளையம் கண்டு ஏமாறாதீர்!

சில வண்டிகளில் முன்பக்கம் அடியில் சின்ன வளையம் இருக்கும். "இதுதான் கொக்கி" என்று பலர் நினைக்கிறார்கள். வண்டியைப் பெரிய லாரியில் ஏற்றிக்கொண்டு போகும்போது ஆடாமல் கட்டி வைக்கிற வளையமாகவும் அது இருக்கலாம். அதில் கட்டி சேற்றிலிருந்து இழுத்தால் வளையமே விரிந்துவிடும். எது எதற்கு என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது நல்லது.

சேசிஸ்தான் பலம்

பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் ஏணி போன்ற சேசிஸ் உண்டு. நீளமாக ஓடும் அந்த இரண்டு இரும்புச் சட்டங்களின் முன்முனையில்தான் கொக்கி உட்கார வேண்டும். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இரண்டிலும் பட்டி போட்டு இழுத்தால் பாரம் பங்காகும், சட்டமும் கோணாது.

கொக்கி ஒன்றுக்குக் குறைந்தது இரண்டு போல்ட். அதுவும் ஹைடென்ஷன் போல்ட். தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். 12 மில்லி 8.8 போல்ட் அறுந்துபோக சுமார் 6.9 டன் இழுப்பு வேண்டும். அதே கனத்தில் 4.6 ரக சாதா போல்ட் 3.4 டன்னிலேயே போய்விடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பலம் பாதி!

சேசிஸில் ஏற்கெனவே இருக்கிற துளையில்தான் மாட்ட வேண்டும். "ரெண்டு பொட்டு வெல்டிங் வச்சிடலாம் சார்" என்று சொன்னால் சம்மதிக்கக் கூடாது. சூட்டில் சட்டத்தின் பலம் குறையும்.

கம்பி வேலி வேறு

கொக்கி மாட்டப் போன இடத்தில் முன்னால் பெரிய கம்பி வேலியும் சேர்த்துப் போடுபவர்கள் உஷார். பம்பருக்கு முன் கம்பி மாட்டிய வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு பாயும். கொக்கியும் பம்பரைத் தாண்டி நீட்டக் கூடாது. நம்பர் பிளேட்டை மறைக்கக் கூடாது.

இழுக்கும்போது...

வண்டியும் லோடுமாக 3 டன் என்றால், கயிறு 6 முதல் 9 டன் தாங்குவதாக இருக்க வேண்டும். ஷேக்கிளில் தாங்கும் எடை பொறித்திருக்கும். பொறிக்காததை வாங்கக் கூடாது.

முதலில் சக்கரத்தைச் சுற்றி மண்ணைத் தோண்டிவிட்டால் பாதி பாரம் குறையும். கயிற்றின் நடுவே ஈரச்சாக்கைப் போட வேண்டும். அறுந்தாலும் வேகம் அடங்கும். வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல இழுக்க வேண்டும். சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கயிற்றின் நீளத்துக்கும் மேலே தள்ளி நிறுத்த வேண்டும்.

ரோட்டில் ஏறிய பிறகு கட்டி இழுத்துப் போனால், இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. பின்வண்டியில் "ஆன் டோ" என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டை தொங்க வேண்டும். இது விதி.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வாடகை போச்சு, மாசக் கடைசியில் டியூ கட்டுவதும் திண்டாட்டம். கயிறு தவறினால் போவது ஓர் உயிர். தண்ணீரில் நின்றுகொண்டு கொக்கி தேடுவதை விட, வெயில் காலத்திலேயே ஷெட்டுக்குப் போய் நாலு போல்ட்டை முடுக்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.