சத்திரமும் முன்னணையும்: கிறிஸ்து பிறப்பு அருளுரை குறித்து ஒரு சிந்தனை

கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் நம் சபைகளில் ஆற்றப்படும் அருளுரைகளிலும், ஞாயிறு பள்ளிச் சிறுவர் நடிக்கும் நாடகங்களிலும் தவறாமல் இடம்பெறுபவர் சத்திரக்காரர். இரவில் கதவைத் தட்டும் யோசேப்பையும் மரியாளையும் இடமில்லை என்று அவர் திருப்பி அனுப்புகிறார். அருளுரையாளரும் அவரைச் சுட்டிக்காட்டி, நம் உள்ளத்தில் ஆண்டவருக்கு இடமுண்டா என்று சபையாரை வினவுகிறார். வினா நல்ல வினாவே. ஆயினும் லூக்கா நற்செய்தியில் சத்திரக்காரர் என ஒருவர் இல்லை. தட்டப்பட்ட கதவும் இல்லை. இது சிறு செய்திபோலத் தோன்றலாம். ஆனால் வார்த்தையானவர் மாம்சமானார் என்னும் அறிக்கையை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்கிறோம் என்பது இதில் அடங்கியிருக்கிறது.

1. சொல்லும் பொருளும்

நம் சபைகளில் நெடுங்காலமாய் வழங்கிவரும் தமிழ் வேதாகமம் லூக்கா 2:7இல் 'சத்திரம்' என மொழிபெயர்ப்பது 'கட்டாலுமா' என்னும் கிரேக்கச் சொல்லை. இதே சொல்லை லூக்கா 22:11இலும் காண்கிறோம். அங்கு அது ஆண்டவர் தம் சீடரோடு பஸ்கா உண்ட வீட்டின் அறையைக் குறிக்கிறது. நல்ல சமாரியன் உவமையில் காயமுற்றவன் கொண்டு செல்லப்பட்ட இடமோ (10:34) உண்மையிலேயே வழிப்போக்கர் கூலி கொடுத்துத் தங்கும் சத்திரம். அதற்கு லூக்கா 'பண்டொக்கெயோன்' என்னும் வேறொரு சொல்லை ஆளுகிறார். தமிழில் இவ்விரண்டும் 'சத்திரம்' என்றே வந்துவிட்டபடியால், ஆசிரியர் காட்டிய வேறுபாடு நம் காதில் விழுவதில்லை.

'கட்டாலுமா' விரிந்த பொருளுடைய சொல் என்பது உண்மையே. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் அது வழியில் தங்கும் இடத்தையும் குறிக்கும் (யாத். 4:24). எனவே சொல்லை மட்டும் கொண்டு வழக்கைத் தீர்த்துவிட முடியாது. ஆனால் பகுதியின் போக்கையும் கவனிக்க வேண்டும். அவர்கள் வந்து சேர்ந்த இரவிலேயே பிள்ளை பிறந்ததாக லூக்கா கூறவில்லை. அவர்கள் அங்கே இருக்கையில் பேறுகாலம் நிறைவேறியது என்றே கூறுகிறார் (2:6). யோசேப்பு தன் முன்னோரின் ஊருக்கு வந்தவர். உறவினரைப் போற்றும் அச்சமுதாயத்தில் தாவீதின் வழிவந்த ஒருவருக்கு அவ்வூரில் ஒரு வீடும் திறக்கவில்லை என்பது நம்பத்தக்கதன்று.

2. வீட்டினுள் ஒரு முன்னணை

முன்னணை என்றவுடன் ஊருக்குப் புறம்பேயுள்ள தனித்த தொழுவத்தை நாம் கற்பனை செய்கிறோம். ஆனால் அக்காலப் பாலஸ்தீனத்து எளியோர் இரவில் தங்கள் கால்நடைகளை வீட்டுக்குள்ளேயே கட்டுவது வழக்கம். ஏந்தோரில் சவுலுக்கு விருந்து செய்த பெண்ணின் கன்றுக்குட்டி வீட்டிலேயே இருந்தது (1 சாமு. 28:24). ஓய்வுநாளிலும் எருதையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதைப் பற்றி ஆண்டவர் பேசியபோது (லூக். 13:15), முன்னணைக்குரிய அதே கிரேக்கச் சொல் வருகிறது.

மத்திய கிழக்கு நாடுகளில் நெடுங்காலம் வாழ்ந்து இறையியல் கற்பித்த கென்னத் பெய்லி, 1979இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இவ்வீடுகளின் அமைப்பை விளக்கினார். மேடான பகுதியில் குடும்பத்தார் உண்டு உறங்குவர். வாயிலையொட்டிய தாழ்ந்த பகுதியில் கால்நடைகள் நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் தீனித்தொட்டி அமைந்திருக்கும். விருந்தினர் அறை நிரம்பியிருந்ததால், வீட்டார் வாழும் பகுதியிலேயே பிள்ளை பிறந்து, அத்தொட்டியில் கிடத்தப்பட்டது என்பது அவர் கருத்து. 2010இல் இச்சொல்லை மீண்டும் ஆராய்ந்த ஸ்டீபன் கார்ல்சனும், 'சத்திரம்' என்னும் பொருளை ஏற்காமல், அவர்கள் தங்கியிருந்த இடத்தில் போதிய இடமில்லை என்பதே பொருத்தமெனக் கண்டார். நுணுக்கங்களில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும் கல்நெஞ்சச் சத்திரக்காரர் திருமறையின் மாந்தர் அல்லர் என்பதில் ஐயமில்லை.

3. அருளுரைக்கு இதனால் வருவதென்ன?

முதலாவதாக, மனுவுருவாதலின் ஆழம் தெளிவாகிறது. ஊருக்கு வெளியே ஒதுங்கிய தொழுவத்தில் பிறந்த தேவன், நம் வாழ்வுக்கு வெளியே நின்று கதவைத் தட்டும் அந்நியராகவே தோன்றுவார். லூக்கா காட்டுபவரோ, நெருக்கடி மிகுந்த வீட்டினுள், அடுப்புப் புகைக்கும் ஆட்டின் மணத்துக்கும் நடுவே, ஏற்கெனவே வந்துவிட்டவர். ஒரே அறையில் சமைத்து, உண்டு, உறங்கி, பிள்ளை பெறும் குடும்பங்கள் நம் சபைகளில் எத்தனையோ உள்ளன. தேவன் பிறப்பதற்குத் தம் வீடு தகுதியற்றதென்று அவர்கள் எண்ணத் தேவையில்லை என்பதே அவர்களுக்குரிய நற்செய்தி.

இரண்டாவதாக, குற்றம் எங்குள்ளது என்பதும் தெளிவாகிறது. தமக்குரியவர்களே அவரை ஏற்றுக்கொள்ளவில்லை என யோவான் எழுதுகிறாரே (1:11) என்று சிலர் வினவலாம். உண்மை, புறக்கணிப்பு நற்செய்தியின் பகுதியே. ஆனால் லூக்கா அதனை நாசரேத்தின் தொழுகைக் கூடத்திலும் (4:28-29) எருசலேமிலும் காட்டுகிறார், பெத்லகேமில் காட்டவில்லை. பிறப்பின் வரலாற்றை அவர் தொடங்குவது அகுஸ்து இராயனின் கட்டளையோடு. நிறைமாதப் பெண்ணொருத்தியை நெடும்வழி நடத்தியது குடிமதிப்பு எழுத விரும்பிய பேரரசு. மத்தேயு நற்செய்தியில் அக்குடும்பத்தை எகிப்துக்கு ஓடச் செய்தவன் ஏரோது. இல்லாத ஒரு சத்திரக்காரரைக் கடிந்துகொள்ளும் அருளுரை இவ்விருவரையும் எளிதாகத் தப்பவிட்டுவிடுகிறது. இடமிழந்தோருக்காகப் பேச விரும்பும் போதகர் கற்பனையை நாட வேண்டுவதில்லை. திருமறையே அதற்குப் போதிய இடந்தருகிறது.

மூன்றாவதாக, அருளுரையின் இயல்பையே இது நமக்குக் கற்பிக்கிறது. வார்த்தையானவர் பொதுவான மனிதத்தன்மையை ஏற்கவில்லை. ஓர் ஊரில், ஒரு மொழியில், ஒரு குடும்பத்தில் பிறந்தார். அவரை அறிவிக்கும் சொல்லும் அவ்வாறே சபையாரின் வீட்டுக்குள் புகவேண்டும். அவர்கள் செலுத்தும் வாடகையும், சுமக்கும் கடனும், நோயுற்ற பிள்ளைக்காக விழித்த இரவும் அறியாத அருளுரை எத்துணை அழகாய் அமைந்தாலும் மாம்சமாகாத வார்த்தையே. ஆதலால் விழா நாளின் உரையை ஆயத்தஞ்செய்யும் ஆயர், விளக்கவுரைகளைத் திறக்குமுன் சபையாரின் வீடுகள் சிலவற்றுக்குச் சென்றுவருவது நலம்.

நாடகத்தில் சத்திரக்காரராக நடிக்கவிருக்கும் சிறுவனைப் பற்றி நாம் கவலைகொள்ள வேண்டியதில்லை. இவ்வாண்டு அவன் வீட்டுக்காரனாக நடிக்கட்டும். இடம் நெருக்கம்தான், ஆயினும் உள்ளே வாருங்கள் என்று அவன் சொல்லட்டும்.